கோட்டைக்குள் வெந்த சோறு

உண்மையைச் சொல்லிடறேன், ஃபுகுஷிமா மாகாணத்தில் இருக்கிற ஐஸு-வகமட்சுவுக்கு நான் போனது வரலாற்றுக்காக இல்லை, சாப்பாட்டுக்காக.

அந்தக் கோட்டை நகரத்தில் விசேஷ நாட்களில் 'கொஸுயு' என்றொரு சூப் வைப்பார்கள். உலர்ந்த ஸ்காலப் சிப்பியை ஊறவைத்த தண்ணீர்தான் அடிப்படை. அதில் சேப்பங்கிழங்கு, கேரட், மரக்காளான். அரக்குப் பூசிய சின்னக் கிண்ணத்தில் வரும். எத்தனை தடவை கேட்டு வாங்கினாலும் தப்பில்லை. நான் மூணு கிண்ணம் குடிச்சேன். ஆனா சுத்தி மலைங்க, கடலே கிடையாது. சிப்பி எப்படி வந்துச்சு? ஹொக்கைடோ பக்கமிருந்து கப்பலில் வந்த சரக்கு. மலையூருக்குக் கருவாடு போகிற கதைதான்.

அப்புறம் கோட்டைக்குப் போனேன். 1868-ல் ஷோகன் பக்கம் நின்ற ஐஸுவை, பேரரசரின் புதிய அரசுப் படை ஒரு மாசம் முற்றுகையிட்டது. இந்த ஊர்னா எல்லாரும் சொல்றது இமோரி குன்றுக் கதை. நகரம் எரியும் புகையைப் பார்த்துக் கோட்டையே விழுந்துவிட்டது என்று நினைத்த 20 சாமுராய் பையன்கள் அங்கே தற்கொலைக்கு முயன்றார்கள். ஒருவன் மட்டும் பிழைத்தான். கோட்டை அப்போ விழவே இல்லை!

எனக்கு அதைவிட மனசுல நின்னது உள்ளே இருந்த பெண்கள். கொதிக்கும் சோற்றைக் கையால் உருட்டி, உள்ளங்கை கொப்பளிக்கக் கொப்பளிக்க வீரர்களுக்குக் கொடுத்தார்கள். விழுந்த குண்டுகளை ஈர மெத்தை போட்டு அணைக்க ஓடியதும் அவர்கள்தான்.

சரணடைந்த பிறகுதான் நிஜப் பசி. 2,30,000 கொகு நிலம் போனது. ஒரு கொகுன்னா, தோராயமா ஒரு ஆள் ஒரு வருஷம் சாப்பிடற அரிசி. பதிலுக்கு வடகோடியில் தொனாமி என்ற குளிர்ப் பிரதேசம். கணக்கில் 30,000 கொகு, நிஜ விளைச்சல் சுமார் 7,000 என்கிறார்கள். போனது ஏறக்குறைய 17,000 பேர். கணக்குப் போட்டுப் பாருங்க.

அதில் ஷிபா கோரோ என்ற பத்து வயதுப் பையனும் இருந்தான். பின்னாளில் ராணுவ ஜெனரல் ஆனவர். அந்தக் குளிர்காலத்தில் நாய்க்கறியை வெறும் உப்புப் போட்டுத் தின்றதை, தொண்டைக்குள் இறங்காமல் தவித்ததை, வயதான பிறகு எழுதி வைத்தார்.

அன்னிக்கு ராத்திரி கடையில் நாலாவது கிண்ணம் வேணுமான்னு கேட்டாங்க. வாங்கிக்கிட்டேன்.