ஒம்புட்ஸ்மன் வந்த வழி



தென் இலண்டனில் எனக்குத் தெரிந்த அக்கா ஒருவர் இருக்கிறார். எழுபதைத் தாண்டியவர், தனியே வசிப்பவர். ஒரு நாள் அவருடைய வீட்டில் இன்ரநெற் நின்றுவிட்டது. இப்போது பல வீடுகளில் ரெலிபோனும் புறோட்பாண்ட் வழியாகவே ஓடுவதால் அதுவும் கூடவே நின்றது. கைத்தொலைபேசியில் கம்பனிக்கு அறிவித்தார். வயரில் பிழை ஒன்றும் தெரியவில்லை என்றார்கள். பிறகு எஞ்சினியர் வருவார் என்றார்கள். இரண்டு தரம் நாள் குறித்தும் எவரும் வரவில்லை. 23 நாட்கள் இப்படியே போயின. மாதக் கட்டணம் மட்டும் குறித்த திகதியில் வங்கிக் கணக்கிலிருந்து தவறாமல் போனது. முறைப்பாடு செய்வோம் என்று நான் சொன்னபோது அவர் சொன்ன பதில்: “விடு தம்பி, வந்த இடத்தில எங்களுக்கு ஏன் வில்லங்கம்?”

இதே பதிலை வேறு வீடுகளிலும் கேட்டிருக்கிறேன். அதனால்தான் இம்மாத உரைக்கு ஒம்புட்ஸ்மன் என்ற பதவியின் வரலாற்றை எடுத்துக்கொண்டேன். அந்தப் பதவிக்கு வித்திட்டவரே ‘வந்த இடத்தில்’ இருந்த ஒருவர்தான்.

அவர் சுவீடன் நாட்டு அரசர் 12ஆம் சார்ள்ஸ். 1709 இல் பொல்ராவா என்ற இடத்தில் ரஷ்யாவின் மகா பீற்றரிடம் படுதோல்வி அடைந்து, எஞ்சிய சிறு படையோடு தெற்கே ஓடித் துருக்கிச் சுல்தானின் நாட்டுக்குள் அடைக்கலம் புகுந்தார். இன்று மோல்டோவாவில் உள்ள பெந்தர் என்ற ஊரின் அருகே முகாம் அமைத்துச் சில வருடங்கள் இருந்தார். விருந்தாளி போவதாகத் தெரியவில்லை; 1713 தொடக்கத்தில் சுல்தானின் படையே முகாமைத் தாக்கி அவரைப் பிடித்து வேறிடம் கொண்டுபோனது. அகதி வாழ்வு அரசனையும் விட்டுவைக்கவில்லை.

1700 இல் போருக்குப் புறப்பட்டவர் அதுவரை தன் நாட்டுக்குத் திரும்பியிருக்கவில்லை. அங்கே அதிகாரிகள் தம் எண்ணப்படி நடப்பதாக அவருக்கு ஐயம். 1713 ஒக்ரோபரில், இன்றைய எடிர்னே நகருக்கு அண்மையில் இருந்தபடி ஒரு கட்டளை அனுப்பினார்: சட்டத்தின்படி அதிகாரிகள் நடக்கிறார்களா என்று பார்க்கத் தன் சார்பில் ஒருவர் நியமிக்கப்பட வேண்டும். சுவீடிஷ் மொழியில் ‘ஒம்புட்’ என்றால் ஒருவருக்காக நிற்கும் பிரதிநிதி. அந்தச் சொல்தான் உலகெங்கும் பரவியது.

ஆனால் அந்தப் பிரதிநிதி அரசனுக்காக நின்றவர், குடிமக்களுக்காக அல்ல. அதற்கு இன்னும் நூறு வருடங்கள் அளவில் பிடித்தன. 1809 இல் பின்லாந்தை ரஷ்யாவிடம் இழந்த கோபத்தில் சுவீடன் தன் அரசனை நீக்கிப் புதிய அரசியலமைப்பை எழுதியது. அதில் பாராளுமன்றமே ஓர் ஒம்புட்ஸ்மனைத் தெரிவு செய்யும் என்று விதித்தார்கள். அன்று முதல் அவர் அரசாங்கத்தின் ஆள் இல்லை.

எல்லாளன் கட்டிய மணியை இங்கே நேயர்கள் நினைப்பீர்கள். பசு வந்து மணியை இழுத்ததை மகாவம்சமும் சொல்கிறது. சோழ நாட்டில் மனுநீதிச் சோழன் கதையாகவும் அது வழங்குகிறது. எங்களிடம் ஒம்புட்ஸ்மன் அப்போதே இருந்தார் என்று மேடைகளில் பேசுவார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அந்தக் கதையில் தீர்ப்புச் சொல்பவன் அரசன். அவன் நல்லவனாக இருந்தபடியால் பசுவுக்கு நீதி கிடைத்தது. அரசன் நல்லவனா கெட்டவனா என்பதில் தங்கியிராத ஒரு மணியைத்தான் 1809 இல் கட்டினார்கள்.

டென்மார்க் 1955 இலும், நியூசிலாந்து 1962 இலும் இந்த முறையை எடுத்துக்கொண்டன. பிரித்தானியா 1967 இல் சட்டம் இயற்றியது. இங்கே ஒரு விசித்திரமான நிபந்தனை. குடிமகன் நேரே போகமுடியாது. தன் பாராளுமன்ற உறுப்பினர் மூலமாகத்தான் போகலாம். அரசாங்கத் திணைக்களங்கள் பற்றிய முறைப்பாடுகளுக்கு அந்த நிபந்தனை நெடுங்காலம் நீடித்தது. இலங்கையும் அதையே பின்பற்றியது. 1978 அரசியலமைப்பில் இடம்பெற்று, 1981ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த ஒம்புட்ஸ்மன் பதவிக்கும் பாராளுமன்றம் வழியாகத்தான் மனு போகவேண்டியிருந்தது. 1994 திருத்தத்தின் பிறகே மக்கள் நேரடியாக எழுத முடிந்தது. 1983 ஒக்ரோபரில் தமிழர் விடுதலைக் கூட்டணி உறுப்பினர்கள் தங்கள் ஆசனங்களை இழந்த பிறகு, வடக்குத் தமிழர் ஒருவருக்கு அந்த வாசலில் யார் மனுவைக் கொண்டுபோய்க் கொடுத்திருப்பார்?

பிரித்தானியாவின் முதல் ஒம்புட்ஸ்மன் சேர் எட்மண்ட் கொம்ப்ரன். அவருடைய முதல் வருடத்திலேயே வந்த ஒரு வழக்கு அப்பதவிக்கு உயிர் கொடுத்தது. நாசிகளால் பாதிக்கப்பட்ட பிரித்தானியருக்கென மேற்கு ஜேர்மனி 1964 இல் 10 இலட்சம் பவுண் கொடுத்திருந்தது. அதைப் பங்கிட்டது வெளிநாட்டு அமைச்சு. சாக்சன்ஹவுசன் வதைமுகாமில் அடைபட்டிருந்த 12 பேருக்குப் பணம் மறுக்கப்பட்டது. நீங்கள் இருந்த பகுதி உண்மையான வதைமுகாமுக்குள் வராது, அங்கே நிலைமை அவ்வளவு மோசமில்லை என்பதுதான் காரணம். அங்கே அடைபட்டிருந்தவர்களிடம், இலண்டனில் கோப்புகளோடு இருந்தவர்கள் இதைச் சொன்னார்கள்.

எயாரி நீவ் என்ற பாராளுமன்ற உறுப்பினர் இந்த முறைப்பாட்டைக் கொண்டுபோனார். அவரே போர்க்கைதியாக இருந்து ஜேர்மனியரின் கொல்டிற்ஸ் கோட்டையிலிருந்து தப்பியவர். கொம்ப்ரன் அமைச்சின் கோப்புகளைக் கேட்டு வாங்கினார்; தாள் தாளாகப் படித்தார். அமைச்சு அரைகுறைச் சான்றுகளை வைத்து முடிவெடுத்தது, பின்னரும் அந்த முடிவைக் காப்பாற்றவே முயன்றது என்று 1967 டிசம்பரில் அறிக்கை கொடுத்தார். வெளிநாட்டு அமைச்சர் ஜோர்ஜ் பிரவுண் 1968 பெப்ரவரியில் பாராளுமன்றத்தில் எழுந்து, தன் திணைக்களத்தை விட்டுக்கொடுக்காமலே, பணம் தருவதாக ஒப்புக்கொண்டார். 12 பேருக்கும் சேர்த்து 25,000 பவுண் அளவில் கிடைத்தது. கட்டளையிடும் அதிகாரம் கொம்ப்ரனுக்கு இருக்கவில்லை. கோப்பைப் பார்க்கும் உரிமை மட்டும் இருந்தது. அது போதுமாக இருந்தது.

இனி ரெலிபோனுக்கு வருவோம். பிரித்தானியாவில் ரெலிபோன் நெடுங்காலம் தபால் திணைக்களத்தின் கையில் இருந்தது. 1969 இல் அது கூட்டுத்தாபனமாகி, 1981 இல் பிரிட்டிஷ் ரெலிகொம் தனியாகப் பிரிந்தது. 1984 இல் அதன் பங்குகள் விற்கப்பட்டன. எங்களில் பலர் வந்திறங்கிய காலமும் அதுதான். ரெலிபோன் எங்களுக்கு எப்படிப்பட்ட பொருள் என்பதை விளக்கத் தேவையில்லை. யாழ்ப்பாணத்துக்கு நேரே எடுக்க முடியாத வருடங்களில், கொழும்பு லொட்ஜில் தாய் வந்து காத்திருப்பார். இங்கே மகன் தொலைபேசி அட்டையைச் சுரண்டிக்கொண்டு நிற்பான். அட்டையில் இருந்த நிமிடங்கள் பாதியில் முடிந்து போனால் யாரிடம் போய்ச் சொல்வது என்று அந்த நாளில் ஒருவரும் யோசித்ததில்லை.

அரசாங்கத்தின் ஒம்புட்ஸ்மனுக்குத் தனியார் கம்பனிகளில் அதிகாரம் இல்லை. அந்த இடைவெளியை முதலில் 1981 இல் காப்புறுதித் துறையும், 1986 இல் வங்கிகளும் தங்களுக்கென ஒம்புட்ஸ்மன் அமைத்து நிரப்பின. தொலைத்தொடர்புக்கு ஒட்டெலோ என்ற ஒம்புட்ஸ்மன் அலுவலகம் 2003 தொடக்கத்தில் வந்தது. சிசாஸ் என்ற இன்னொன்றும் அதே ஆண்டில் வந்தது. 2003 தொடர்பாடல் சட்டம், வீட்டுப் பாவனையாளருக்குச் சேவை தரும் ஒவ்வொரு கம்பனியும் இப்படியொரு சுதந்திரமான அமைப்பில் சேரவேண்டும் என்று கட்டாயமாக்கியது. இந்த வாசலுக்குப் பாராளுமன்ற உறுப்பினர் தேவையில்லை, சட்டத்தரணி தேவையில்லை, கட்டணமும் இல்லை. விசா பற்றிய கேள்வி இல்லை. ஹோம் ஒஃபிசுக்கும் இதற்கும் ஒரு தொடர்பும் கிடையாது. ஆங்கிலம் கடினமென்றால் உங்கள் சார்பில் பிள்ளையோ அயலவரோ பேசுவதற்கு நீங்கள் ஒப்புதல் கொடுக்கலாம்.

முதலில் கம்பனிக்கே முறைப்பாடு கொடுக்கவேண்டும். அதற்கு விடை காண ஆரம்பத்தில் 12 வாரம் விட்டிருந்தார்கள். 2009 செப்டெம்பரில் அது 8 வாரமானது. அதையும் 6 வாரமாகக் குறைக்கும் யோசனையை ஒழுங்குபடுத்தும் சபையான ஒவ்கொம் 2025 இல் முன்வைத்தது. இதற்குமேல் எங்களால் ஒன்றும் செய்யமுடியாது என்று கம்பனி எழுதித் தந்தால் காத்திருக்கத் தேவையில்லை. ‘டெட்லொக்’ கடிதம் என்று அதைச் சொல்வார்கள், கேட்டு வாங்குங்கள். தீர்ப்பை நீங்கள் ஏற்றால் அது கம்பனியைக் கட்டுப்படுத்தும். ஏற்காவிட்டால் நீதிமன்றம் போகும் உரிமை உங்களிடமே இருக்கும்.

2017 இல் ஒவ்கொம் ஒரு கணக்கு வெளியிட்டது. பழுது திருத்தத் தாமதம், எஞ்சினியர் வராமை போன்றவை அப்போது ஆண்டுக்கு 72 இலட்சம் தடவை நடந்தன. பணம் கிடைத்தது 11 இலட்சம் தடவை மட்டுமே. கேட்டவருக்கும் எல்லாம் கிடைக்கவில்லைத்தான். ஆனால் கேட்காதவர் தொகை எவ்வளவு பெரிது என்று பாருங்கள். இதனால் 2019 ஏப்ரல் 1 முதல், கேட்காமலே நட்டஈடு கொடுக்கும் திட்டம் வந்தது. சேவை முழுதாக நின்று, அறிவித்து இரண்டு முழு வேலைநாட்களுக்குள் திருத்தாவிட்டால் 2019 இல் நாளுக்கு 8 பவுண். எஞ்சினியர் வராவிட்டால் அப்போது 25 பவுண். புதிய இணைப்புத் தாமதமானால் அப்போது நாளுக்கு 5 பவுண். விலைவாசியோடு இத்தொகைகள் கூடிவருகின்றன. எல்லாக் கம்பனிகளும் இத்திட்டத்தில் இல்லை. விருப்பத்தின்பேரில் சேர்ந்தவை மட்டுமே.

அக்காவின் கம்பனி இத்திட்டத்தில் இருந்தது. ஆனாலும் தானாகப் பணம் வரவில்லை. காரணம், அவர்களுடைய பதிவில் ‘வேகம் குறைவு’ என்று எழுதப்பட்டிருந்தது. ‘சேவை இல்லை’ என்று எழுதப்படவில்லை. நல்லெண்ணத்துக்காக 40 பவுண் தருகிறோம் என்றார்கள். சாக்சன்ஹவுசன் கதையை நான் படித்துக்கொண்டிருந்த நாட்கள் அவை. அந்த மனிதர் பட்டதெங்கே, இதெங்கே. ஆனால் ‘உன்னுடையது அந்த வகைக்குள் வராது’ என்ற வசனம் மட்டும் அப்படியே இருந்தது.

எங்களுக்குக் கைகொடுத்தது சமையலறைச் சுவரில் தொங்கிய தமிழ்க்கடைக் கலண்டர். அக்கா ஒவ்வொரு நாளும் ‘போன் இல்லை’ என்று தமிழில் குறித்திருந்தார். கம்பனிக்கு எடுத்த நேரம், பேசியவரின் பெயர், வருவதாகச் சொன்ன நாள், ‘வரேல்லை’ எல்லாம் அதில் இருந்தன. நான் அதைப் படம் பிடித்து, ஆங்கிலத்தில் எழுதி, முறைப்பாட்டு எண்ணோடு அனுப்பினேன். ஒம்புட்ஸ்மன் அலுவலகம் கம்பனியின் பதிவுகளைக் கேட்டெடுத்தது. அக்கா குறித்த நாட்களும் அழைப்புப் பதிவுகளும் ஒன்றுக்கொன்று பொருந்தின.

260 பவுண் அளவில் வந்தது; மன்னிப்புக் கடிதமும் வந்தது. பணத்தை விடக் கடிதத்தைத்தான் அக்கா இரண்டு தரம் வாசிக்கச் சொல்லிக் கேட்டார். பிறகு, கீழ் வீட்டுப் பிள்ளைக்கும் இன்ரநெற் வேலை செய்வதில்லையாம், அவளுக்கும் இந்த இலக்கத்தை எழுதிக் கொடு தம்பி என்றார்.