பெயர் தெரியாத பூண்டு

சில வருஷங்களுக்கு முன் வார இதழ் ஒன்றில் என் சிறுகதை வெளிவந்தது. கதாநாயகி வயல் வரப்பின்மேல் நடந்து வருகிறாள். அவள் பாதத்தருகே, ஈரமண்ணில், "பெயர் தெரியாத ஏதோ ஒரு பூண்டு வெள்ளை வெள்ளையாகப் பொட்டுப் பூக்கள் பூத்திருந்தது" என்று எழுதியிருந்தேன். எழுதியபோது அந்த வாக்கியம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. பெயர் தெரியாதது என்பதிலேயே ஒரு சோகமும் கவிதையும் இருப்பதாக நினைத்துக்கொண்டேன்.

பத்து நாள் கழித்து ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் கும்பகோணத்துக்குப் பக்கத்துக் கிராமத்து விவசாயி. கதையைப் பற்றி இரண்டு நல்ல வார்த்தை சொல்லிவிட்டுக் கடைசியில் இப்படி முடித்திருந்தார்: "ஐயா, தாங்கள் வர்ணித்திருப்பதைப் பார்த்தால் அது கரிசலாங்கண்ணி. கையாந்தகரை என்றும் சொல்வோம். பெயர் தெரியாத பூண்டு என்று எழுதியிருக்கிறீர்களே, யாருக்குத் தெரியாத பூண்டு? மூன்றாம் பக்கத்தில் அந்தப் பெண் தலைக்குத் தடவிக்கொள்கிறாளே எண்ணெய், அது இந்தச் செடியின் சாற்றை விட்டுக் காய்ச்சியதாகத்தான் இருக்கும்."

எனக்குச் சுருக்கென்றது. கல்லூரியில் இரண்டு வருஷம் தாவர நூல் படித்தவன் நான். செம்பருத்திப் பூவை நெடுக்காக அறுத்துப் படம் போட்டு, பாகங்களுக்கெல்லாம் லத்தீன் பெயர் எழுதி மதிப்பெண் வாங்கியவன். ஆனால் வரப்பில் காலடியில் கிடப்பது தெரியவில்லை. என் பாட்டியோ பள்ளிக்கூடத்து வாசலை மிதிக்காதவள். மழை பெய்த மறுநாள் முறத்தை எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போனால் அரைமணி நேரத்தில் முடக்கத்தான், தூதுவளை, பண்ணைக்கீரை, சாரணை என்று கொண்டுவந்து கொட்டுவாள். அவளைப் படிக்காதவள் என்று சொல்லி வளர்ந்தவன் நான்.

அந்தக் கடிதத்தின் உறுத்தலில்தான் செடிகொடிகளைப் பற்றிக் கிராமத்து மக்களுக்கு என்னவெல்லாம் தெரியும் என்று ஆராய்ந்தவர்களைத் தேடிப் படிக்கத் தொடங்கினேன். அப்படி அறிமுகமானவர் ஹரால்ட் காங்க்லின் என்ற அமெரிக்கர். அவரைப் பற்றியும், அவருக்குப் பாடம் சொன்ன மலைவாசிகளைப் பற்றியும் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

பிலிப்பைன்ஸ் நாட்டில் லூஸான் தீவுக்குத் தெற்கே மிண்டோரோ என்று ஒரு தீவு இருக்கிறது. அதன் தென்கிழக்கு மலைச்சரிவுகளில் வாழ்கிறவர்கள் ஹனுனோ மக்கள். காட்டை வெட்டிக் காயவைத்து, எரித்து, சாம்பல் படிந்த மண்ணில் நெல் விதைப்பது அவர்கள் தொழில். இரண்டாம் உலக யுத்தத்தின்போது ராணுவத்தில் சேர்ந்து பிலிப்பைன்ஸுக்கு வந்த காங்க்லின், யுத்தம் முடிந்த பிறகும் அங்கேயே தங்கினார். 1947-ல் இந்த மலைகளுக்கு முதன்முதலாகப் போனார். அப்போது அவருக்கு வயது இருபத்தொன்று. பிறகு 1952-லிருந்து 1954 வரை அவர்களுடைய யாகாவ் என்ற குடியிருப்பில் தங்கி, அவர்கள் பாஷையிலேயே பேசி ஆராய்ந்தார்.

அங்கே நமக்கு ஓர் உறவும் கிடைக்கிறது. ஹனுனோ மக்களுக்குச் சொந்த எழுத்து உண்டு. மூங்கிலின்மேல் கத்தி முனையால் கீறுவார்கள். ஒவ்வோர் எழுத்தும் அகரம் ஏறிய மெய். இகரத்துக்கும் உகரத்துக்கும் தனித்தனிக் குறி. பாரத நாட்டு எழுத்துக் குடும்பத்தின் கிளை ஒன்று கடல் கடந்து போய் அந்த மூங்கிலில் படர்ந்திருக்கிறது. 1999-ல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரிய ஆவணங்களின் வரிசையில் சேர்த்தது. இளைஞர்களும் பெண்களும் இந்த எழுத்தைக் கற்றுக்கொண்டது கணக்கு எழுதவோ மனு எழுதவோ அல்ல. காதல் பாட்டு எழுதத்தான். ஓலையும் எழுத்தாணியும் பிடித்த நமக்கு அவர்கள் அவ்வளவு அந்நியர்கள் அல்ல.

காங்க்லின் தம் ஆய்வேட்டில் ஒரு நாளை வர்ணித்திருக்கிறார். அதைப் படித்தபோது, இவர் கதை எழுதப் போயிருந்தால் நாங்களெல்லாம் பிழைக்க முடியாது என்று தோன்றியது.

காலை ஆறு மணி; தூறல். லாங்பா என்ற ஹனுனோ நண்பரும் அவரும் வேறோர் ஊருக்குப் புறப்படுகிறார்கள். வழியில் அட்டைக்கடி. லாங்பா ஒரு மரத்தைக் காட்டிப் பட்டையை உரிக்கச் சொல்கிறார். நம் வாகை மரத்துக்குப் பங்காளியான மரம் அது. பட்டையின் உட்புறத்தை ஈரக் கால்களில் தேய்த்தால் ரோஜா நிற நுரை வருகிறது, அட்டை நெருங்குவதில்லை. கொஞ்சதூரம் போனதும் லாங்பா சட்டென்று நின்று, கைத்தடியால் மண்ணைக் குத்தி ஒரு சிறு களையைப் பிடுங்குகிறார். காட்டுப்பன்றிப் பொறிக்கு அது உதவுமாம். இன்னும் சற்று நடந்ததும் ஓர் ஆர்க்கிட் செடி கிடைக்கிறது. பயிரைப் பூச்சியிடமிருந்து காக்கும் மந்திரத்துக்கு அது வேண்டும். அதைக் கசங்காமல் தோள்கூடையில் வைத்துக்கொள்கிறார்.

போன ஊரில் முதலில் நடப்பது என்ன? வெற்றிலை பாக்கு! லாங்பா கூடையிலிருந்து சுண்ணாம்பும் புகையிலையும் எடுத்து நீட்டுகிறார். அவர்கள் பதிலுக்குத் தங்களிடம் உள்ளதைத் தருகிறார்கள். எந்தக் கொடியின் வெற்றிலை உசத்தி என்று பேச்சு நடக்கிறது. பிறகு அனுமதி கேட்டுக்கொண்டு, இரண்டு வகைச் சர்க்கரைவள்ளிக் கொடியில் வகைக்கு இருபத்தைந்து நுனி வெட்டி, வாடாமலிருக்க வாழையிலையில் சுற்றிக் கட்டுகிறார்கள். திரும்பி வரும்போது கரும்பு கடித்துக்கொண்டு, உதிர்ந்த பாக்கைப் பொறுக்கிக்கொண்டு, காட்டுப் பழம் பறித்துத் தின்றுகொண்டு, பத்து இருபது வருஷத்தில் அந்தக் காடு எப்படி மாறியிருக்கிறது என்று பேசியபடியே வந்து சேருகிறார்கள். அந்த வழியில் பெயர் தெரியாத செடி ஒன்றுகூட இல்லை.

இப்படி நடந்து நடந்து காங்க்லின் சேர்த்த கணக்கு இது. ஹனுனோ மக்கள் பெயர் சொல்லிப் பிரித்தறியும் செடி வகைகள் 1,600-க்கு மேல். அவற்றில் பயிரிடுபவை மட்டும் 430-க்கு மேல். நெல்லில் மட்டும் தொண்ணூறுக்கு மேற்பட்ட வகை. அதே மலையின் தாவரங்களை விஞ்ஞான முறைப்படி இனம் பிரித்தால் 1,200-க்குள்தான் வருகின்றன. அதாவது, உழவன் பிரித்த அளவுக்குப் பண்டிதன் பிரிக்கவில்லை!

இதில் மாயமில்லை. நம் ஊரிலும் அப்படித்தான். மாப்பிள்ளைச் சம்பாவும் கிச்சிலிச் சம்பாவும் தாவர நூலுக்கு ஒரே நெல் இனம். ஆனால் எது வெள்ளத்தில் நிற்கும், எது நோயாளிக்குக் கஞ்சி வைக்க ஆகும் என்று தெரிய வேண்டியவனுக்கு ஒரு பெயர் போதாது. தேவையும் அன்பும் உள்ள இடத்தில் பெயர்கள் பெருகுகின்றன. ஒரே குழந்தைக்கு வீட்டில் நாலு பெயர் இருப்பதில்லையா?

அவர்களுக்கு இலக்கணமும் இருந்தது. எல்லாத் தாவரத்தையும் மரம், பூண்டு, கொடி என்று மூன்றாக முதலில் வகுத்துக்கொண்டு, அதற்குள் கிளைகிளையாகப் பிரித்துச் சென்றார்கள். நிறங்களைப் பற்றி 1955-ல் காங்க்லின் எழுதிய சிறு கட்டுரை இன்னும் ருசியானது. ஹனுனோ பாஷையில் அடிப்படை நிறச் சொற்கள் நான்கே: கருமை, வெண்மை, செம்மை, பசுமை. ஆனால் பசுமை என்பது வெறும் நிறமல்ல. ஈரம், உயிர், இளமை எல்லாம் அதற்குள் அடங்கும். அப்போதுதான் வெட்டிய மூங்கிலின் உட்புறம் பழுப்பாகப் பளபளத்தாலும் அவர்களுக்கு அது 'பச்சை'தான். 'பச்சைப் புண்' என்றும் 'பச்சைக் குழந்தை' என்றும் சொல்கிற நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இவ்வளவு அறிந்த அந்த மக்களுக்கு நாகரிக உலகம் கொடுத்த பட்டம் என்ன தெரியுமா? காட்டை அழிக்கிறவர்கள். மலையில் புகை எழுவதைத் தூரத்திலிருந்து பார்த்த அதிகாரிகளுக்கு அது சோம்பேறியின் விவசாயமாகத் தோன்றியது. காங்க்லினோ புகைக்குள் நின்று பார்த்தார். இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது மண்ணைத் தரம் பிரிக்கிறார்கள். மண்ணுக்கும் கல்லுக்குமே பத்து மூல வகையும் முப்பது உட்பிரிவும் வைத்திருந்தார்கள். பெரும்பாலும் முதுகாட்டைத் தொடாமல், முன்பு பயிரிட்டு மறுபடி வளர்ந்த காட்டையே வெட்டுகிறார்கள். தீ தாவாமலிருக்கச் சுற்றிலும் பாதை செதுக்குகிறார்கள். ஆண்கள் கழியால் குழி போட, பெண்கள் விதை போடுகிறார்கள். ஒரே கொல்லையில் நாற்பது வகைப் பயிருக்கு மேல் அடுக்கடுக்காக வளர்கின்றன. நெல் அறுத்த பிறகும் கிழங்கும் வாழையும் சில வருஷம் பலன் தருகின்றன. அப்புறம் நிலத்தைக் காட்டுக்கே திருப்பிக் கொடுத்துவிடுகிறார்கள். சுற்று முடியச் சுமார் பன்னிரண்டு வருஷம்.

1957-ல் ஒரு வேடிக்கை நடந்தது. ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய நிறுவனம், ஈரமான வெப்ப நாடுகளில் உற்பத்திக்கும் வனப் பாதுகாப்புக்கும் பெரிய முட்டுக்கட்டை இந்த வெட்டி எரிக்கும் விவசாயமே என்று தன் பத்திரிகையில் அறிவித்தது. அதே வருஷம், அதே நிறுவனம், காங்க்லினுடைய ஹனுனோ விவசாய அறிக்கையையும் புத்தகமாக வெளியிட்டது! குற்றப்பத்திரிகையும் விடுதலைத் தீர்ப்பும் ஒரே கச்சேரியிலிருந்து வந்தன.

எல்லா மலையிலும் எல்லாத் தீயும் நல்ல தீ என்று காங்க்லின் சொல்லவில்லை. பரம்பரையாக அறிந்து செய்கிறவன் வேறு, பிழைப்புக்கு வழியில்லாமல் சமவெளியிலிருந்து ஏறிவந்து எரிக்கிறவன் வேறு என்று தெளிவாகவே பிரித்தார். ஜனம் பெருகி, நிலம் ஓய்வெடுக்கும் வருஷங்கள் குறைந்தால் மலை மொட்டையாகும் என்பதும் உண்மையே. கேட்காமல் தீர்ப்புச் சொல்லாதீர்கள் என்பதே அவர் வாதம்.

நம் பக்கத்திலும் கேட்டவர்கள் உண்டு. தலச்சேரியில் பிறந்து, சென்னையில் படித்து, கோயம்புத்தூரில் கரும்பு ஆராய்ச்சி செய்த ஜானகி அம்மாள் 1955-ல் பிரின்ஸ்டனில் நடந்த மாநாட்டில் கலந்துகொண்டார். பூமியின் முகத்தை மனிதன் எவ்வாறு மாற்றினான் என்பது அங்கே விஷயம். அழைக்கப்பட்ட ஒரே பெண் அவர். இந்தியாவில் தம் வயிற்றுக்காகவே பயிரிடும் எளிய குடிகளின் வாழ்க்கையைப் பற்றி அங்கே பேசினார். கடைசிக் காலத்தில் மதுரவாயலில் இருந்துகொண்டு, மலைவாசிகளின் செடியறிவில் மனத்தைச் செலுத்தியிருந்தார். 1984-ல் காலமானார். தினைப்புனம் காத்த வள்ளியைப் பாட்டில் கொண்டாடிவிட்டு, புனம் எரிக்கும் மலைவாசியைக் கண்டால் முகம் சுளிக்கிற நமக்கு அவரைப் போன்றவர்கள் இன்னும் பலர் வேண்டும்.

காங்க்லின் 2016-ல், எண்பத்தொன்பதாம் வயதில் மறைந்தார். அவர் எழுதி வைத்தது நூலகங்களில் இருக்கிறது. ஆனால் ஹனுனோ மக்கள் மூங்கிலில் எழுதியது காதலைத்தான், செடிகளை எழுதவில்லை. அந்த ஆயிரத்து அறுநூறு பெயரும் வாயிலும் காதிலும் காலடியிலும் இருந்தவை. ஒரு தலைமுறை கேட்காமல் விட்டால் போதும். செடி நின்றுகொண்டிருக்கும், பெயர் போய்விடும். என் வீட்டில் அதுதான் நடந்தது. பாட்டியை நான் கேட்கவில்லை. அவள் முறத்தில் ஐந்தாவதாக, சற்றுக் கசக்கும் கீரை ஒன்று இருக்கும். நாக்குக்கு ருசி நினைவிருக்கிறது; பெயர் இல்லை. இப்போது யாரைக் கேட்பது?

எங்கள் தெருவில் காலையில் கீரை கொண்டுவரும் அம்மாளிடம் ஒரு நாள் அந்தக் கசப்பை வர்ணித்தேன். "அது வித்தா யாரு சாமி வாங்கறா? நானும் பொறிக்கறதை விட்டுட்டேன்" என்றாள். பெயரை மட்டும் சொல்லவில்லை. நாளைக்குக் கொண்டுவந்து காட்டுகிறேன், அதுதானா என்று பாருங்கள் என்று போய்விட்டாள். மறுநாள் கொண்டுவந்தது அதுவல்ல. அதற்கு அடுத்த நாளும் அல்ல. ஆனாலும் இரண்டு புதிய பெயர்கள் எனக்குக் கிடைத்தன.

கும்பகோணத்து அன்பருக்குப் பதில் எழுதினேன். அந்தக் கதை தொகுப்பில் வந்தபோது வாக்கியத்தைத் திருத்தி, வரப்பில் கரிசலாங்கண்ணி பூத்திருந்தது என்று போட்டேன். முன்பு இருந்த சோகம் அதில் இல்லை. படித்துப் பார்த்தால், அந்தப் பெண் இப்போதுதான் தன் ஊரில் நடக்கிறாள் என்று தோன்றுகிறது.