பார்ச்சிப்பியும் பனியுக ஆழ்கடலும்

பனியுகத்தில் ஆழ்கடல் நீர் எவ்வளவு காலம் காற்றைத் தொடாமல் கிடந்தது என்பதற்கு ரேடியோகார்பன் தரும் விடை, மேல்நீரின் வயதைப் பொறுத்தது. வண்டல் படிவின் ஒரே அடுக்கிலிருந்து, மேல்நீரில் மிதந்து வாழ்ந்த ஃபோராமினிஃபெரா என்னும் ஓடுள்ள நுண்ணுயிரையும் கடல்தரையில் வாழ்ந்ததையும் எடுத்து, ஒன்றின் வயதிலிருந்து மற்றதைக் கழிக்கிறோம். கிடைப்பது மேல்நீருக்கும் அடிநீருக்கும் உள்ள இடைவெளிதான். காற்றோடு ஒப்பிட வேண்டுமானால் மேல்நீரின் வயதையும் கூட்டியாக வேண்டும். அதைச் சுமார் 400 ஆண்டு என்று வைத்துக்கொள்வது நெடுநாள் வழக்கம்.

ஸ்கின்னர் குழுவினர் 2017-இல் தந்த மதிப்பீட்டின்படி, பனியுக உச்சத்தில் உலகக் கடலின் சராசரி வயது இன்றைவிடச் சுமார் 700 ரேடியோகார்பன் ஆண்டு கூடுதல். அகமதாபாத் இயற்பியல் ஆய்வகத்தைச் சேர்ந்த தத்தா, பூஷண், சோமயாஜுலு ஆகியோர் 2001-இல் வெளியிட்ட, அந்தப் பொது அளவோடு இடத்துக்கேற்பக் கூட்ட வேண்டிய திருத்த அளவுகளோ வட அரபிக்கடலில் 160 ஆண்டை ஒட்டியும் வங்கக்கடலில் மிகச் சொற்பமாகவும் உள்ளன. தீபகற்பத்தின் இரு பக்கத்துக்கும் இடையிலான இந்த வேறுபாடே, நாம் தேடும் 700-இல் சுமார் ஐந்தில் ஒரு பங்கு. வட இந்தியப் பெருங்கடலில் ஆழ்நீர் உருவாவதில்லை. ஆசிய நிலப்பரப்பு வடக்கே மறித்து நிற்கிறது. அடிநீர் தெற்கிலிருந்தே வருகிறது. ஆகவே இங்கே மேல்நீர்க் கணக்கு பிசகினால், அந்தப் பிசகைத் தென்கடலின் மாற்றம் என்று படித்துவிடுவோம்.

மன்னார் வளைகுடா இவ்விரு கடல்களுக்கும் நடுவே கிடக்கிறது. கச்சான் என்னும் தென்மேற்குக் காற்றுக் காலத்தில், மேல்நீருக்குக் கீழுள்ள பழைய நீர் மேலெழும். வாடை என்னும் வடகிழக்குக் காற்றுக் காலத்தில் வங்கக்கடலின் உவர்ப்புக் குறைந்த நீர் வந்து சேரும். தூத்துக்குடிக் கடலடிப் பாறைத்திட்டுகளான பார்களில் வளர்ந்த முத்துச்சிப்பி இரண்டையும் தன் ஓட்டில் பதித்துவைக்கிறது. நீரை வடிகட்டி உண்ணும் உயிர் என்பதால், சேற்றிலுள்ள பழைய கரிமம் ஓட்டில் சேரும் ஆபத்தும் குறைவு. எட்கர் தர்ஸ்டன் எழுதிவைத்த 1889 முத்துக்குளிப்பு போல, ஆண்டு ஐயமின்றித் தெரிந்த சலாபங்களின் ஓடுகள் அணுகுண்டுச் சோதனைக்கு முந்தியவை. கடைசிச் சலாபமான 1961-இன் ஓடு மேல்நீரின் வயதை அளக்க உதவாது. குண்டுக் கரிமம் அதற்குள் கடலில் கலக்கத் தொடங்கிவிட்டது.

கொற்கையிலிருந்து இன்னும் பின்னே போகலாம். அங்கே அகழாய்வில் கிடைத்த கரிக்குக் கி.மு. 785-ஐ ஒட்டிய வயது கூறப்படுகிறது. முத்துச்சிப்பி ஓடுகளும் கிடைத்துள்ளன. கரி காற்றிலிருந்து கரிமம் எடுத்தது, ஓடு கடலிலிருந்து. ஒரே அடுக்கில் கலைவின்றிக் கிடந்த இணையாயின், இரண்டின் வயது வேறுபாடே அன்றைய மேல்நீர் வயது. கலைவின்மையை நிறுவுவதுதான் கடினம்; அகழாய்வுக் குறிப்பு துல்லியமாக இல்லாவிட்டால் இந்த இணைக்கு மதிப்பில்லை.

ஓடுகள் தரும் மேல்நீர் வயதை அப்படியே பனியுகத்துக்கு ஏற்றக் கூடாது என்பதே என் வாதம். அப்போது கடல்மட்டம் இன்றைவிட 120 மீட்டர் அளவுக்குத் தாழ்ந்திருந்தது. இருபது மீட்டரை ஒட்டிய ஆழத்திலுள்ள பார்களும் பாக் நீரிணையும் தரையாகக் கிடந்தன. வாடையோடு நீரிணை வழியே நீர் வர வழியே இல்லை. தென்மேற்குப் பருவக்காற்றும் நலிந்திருந்தது. எனவே சிப்பியிடம் கேட்க வேண்டியது திருத்த எண்ணை அல்ல, ஊசலாட்டத்தின் அகலத்தை. சில மில்லிகிராம் ஓடே போதும் என்ற நிலைக்கு முடுக்கி நிறை நிறமாலைமானி வந்துவிட்டதால், முதலாண்டில் வேகமாக வளர்ந்த பகுதியைக் கீற்றுக் கீற்றாக அளக்க முடியும். கச்சானுக்கும் வாடைக்கும் இடையே வயது நூறாண்டு ஆடினால், மிதவை ஃபோராமினிஃபெரா எந்தப் பருவத்தில் பெருகியது என்று அறியாமல் பனியுக அடிநீருக்குத் தரும் எந்த வயதிலும் குறைந்தது அந்த நூறாண்டைப் பிழையெல்லையாகச் சேர்த்தே எழுத வேண்டும்.