ஊவாவில் ஆதிக்குடிகளும் காலனித்துவமும் (தொல்லியல்)

இலங்கையின் ஊவா மலைநாட்டில் வேடர் எனப்படும் ஆதிக்குடிகளும் பிரித்தானிய ஆட்சியும் எதிர்ப்பட்ட வரலாற்றை மண்ணிலும் பொருளிலும் தேடும் ஆய்வுப் பரப்பு. இப்பரப்பில் இதுவரை தோண்டிப் பார்க்கப்பட்டதில் பெரும்பகுதி கற்காலத்துக்கு உரியது. வேடரும் வெள்ளையரும் எதிர்ப்பட்ட காலத்தின் மண், அடியிலிருக்கும் கற்களை எட்டும் அவசரத்தில் மேல்மண்ணாக வாரிக் கொட்டப்பட்டது. ஊவாவில் கற்காலத்தைத் தேடியெடுத்த முயற்சியும் காட்டை வெட்டித் தோட்டம் போட்ட முயற்சியும் ஒரே ஆட்சியின் நிழலில் நடந்தவை. ஆகவே கொட்டப்பட்ட அந்த மேல்மண்ணே இப்பொருளின் முதன்மைச் சான்று.

எல்லவிலிருந்து பண்டாரவளை வரை நீளும் பதனைப் புல்வெளிக் குன்றுகளில், மழை கரைத்த சரிவுகளில், கட்டைவிரல் நகத்தளவான படிகக்கற் சில்லுகள் கிடைத்துள்ளன. ஒரு விளிம்பு பிறைபோல வளைந்து, நுணுக்கமாகத் தட்டி மழுக்கப்பட்டிருக்கும். எதிர் விளிம்பு இன்றும் விரலைக் கீறும். மழுங்கிய பக்கம் மரப்பிடியில் பதிப்பதற்கு, கூரிய பக்கம் வேலைக்கு. நுண்கற்கருவிகள் எனப்படும் இவற்றின் வகையும் வடிவமும் பற்றியே நூல்கள் நிறையப் பேசுகின்றன. 1880களில் ஈ. ஈ. கிரீன் பேராதனைப் பக்கத்தில் இத்தகைய கற்களை அடையாளங்கண்டார். தோட்டத்துரையான ஜோன் போல் மஸ்கெலியாப் பகுதியில் சேகரித்தார். சுவிட்சர்லாந்தின் பாசல் நகரத்தவரான போல் சரசின், பிரிட்ஸ் சரசின் இருவரும் 1907இல் இலங்கைக்கு மீண்டும் வந்து குகைகளைத் தோண்டி, அடுத்த ஆண்டே இலங்கையின் கற்காலம் பற்றி ஜெர்மன் மொழியில் நூல் வெளியிட்டனர். சி. ஹார்ட்லி பண்டாரவளைக் குன்றுகளில் ஆயிரக்கணக்கில் பொறுக்கியெடுத்து 1913, 1914 ஆண்டுகளில் எழுதினார். 1940இல் நூன் என்ற பெயருடைய இருவர் அதே குன்றுகளின் கருவிகள் பற்றி எழுதினர். பி. ஈ. பி. தெரணியகல எல்லவின் இராவணன் குகையில் கருவிகளோடு மனித எலும்புகளையும் கண்டார். அவருடைய மகன் சிரான் தெரணியகல 1992இல் வெளியிட்ட பெருநூல், இலங்கையில் இக்கருவி மரபின் தொடக்கத்தை முப்பதாயிரம் ஆண்டுகளுக்கு அப்பால் கொண்டு சென்றது. இராமாயணக் கதைக்காக இராவணன் குகைக்கு ஏறுவோரில் மிகச் சிலரே அங்கு வாழ்ந்திருந்த கற்கால மக்களை நினைக்கிறார்கள்.

சேகரித்தவர்களின் பட்டியலே ஒரு சான்று. கோப்பிக்கும் பின்னர் தேயிலைக்கும் காடு வீழ்ந்தபின், தெருவும் கானும் வெட்டப்பட்டபின், கல் கண்ணுக்குத் தெரிந்தது. அதைக் குனிந்தெடுக்க ஓய்வும் உரிமையும் துரைமாரிடம் இருந்தன. அவர்கள் கல்லுக்கு வயது தேடியபோதே, பக்கத்துக் காட்டில் உயிரோடிருந்த வேடரைக் கற்காலத்தின் எச்சம் என்றும் எழுதினார்கள். காலத்தில் உறைந்துபோனவர்களுக்கு நிலவுரிமைக் கேள்வி எழுவதில்லை. 1840இன் 12ஆம் இலக்க முடிக்காணிச் சட்டம், உரிமை நிறுவப்படாத வனத்தையும் தரிசையும் முடிக்குரியதாகக் கொண்டது; தேனெடுத்த மரத்துக்கும் காடெரித்துப் பயிரிட்ட சேனைக்கும் வேடரிடம் காணி உறுதி இருந்ததில்லை. உறைந்த மக்கள் என்ற கருத்தோ நெடுநாள் முன்பே பொய்யாகிவிட்டது. 1681இல் அச்சான ரொபர்ட் நொக்ஸின் நூலில் ஒரு செய்தி உண்டு: வேடர் இரவில் கொல்லன் பட்டறையருகே இறைச்சியைத் தொங்கவிட்டு, வேண்டிய அம்புமுனையின் வடிவில் இலையொன்றை வெட்டி வைத்துச் செல்வர், கொல்லன் அதேபோல் அடித்துக் கொடுப்பான். அந்த இலை ஒரு வரைபடம்; வைத்தவர்கள் இரும்பை அறிந்தவர்கள், அளவு சொல்லி வாங்கியவர்கள். ஆய்வாளர் படிகக்கல்லுக்குக் கொடுத்த கவனத்தில் பத்தில் ஒரு பங்கைத் துருப்பிடித்த இரும்புமுனைகளுக்குக் கொடுத்திருந்தால் நம் அறிவு வேறாக இருந்திருக்கும்.

இந்தச் சாய்வுக்குச் சட்டமும் வேலி கட்டியது. 1940இன் 9ஆம் இலக்கத் தொல்பொருட் கட்டளைச் சட்டம், தொல்பொருளின் எல்லையாக 1815 மார்ச் 2ஐ வைத்தது. கண்டி ஒப்பந்தம் கைச்சாத்தான நாள் அது. ஊவாவில் அந்நிய ஆட்சி தொடங்கும் நாளிலேயே தொல்லியலின் கண் மூடிக்கொள்கிறது. 1817இல் பதுளையின் பிரித்தானிய அதிகாரி வில்சன் அம்பெய்து கொல்லப்பட்டது, 1818இன் விடுதலைப் போர், ஆளுநர் பிரவுன்றிக்கின் படை எரித்த ஊர்கள், அழித்த வயல்கள் எல்லாம் எல்லைக்கு வெளியே நிற்கின்றன. கரித்தடம் படிந்த கிராமத்துத் திடல்களை அகழ்வதற்கு இதனாலேயே ஆர்வம் பிறக்கவில்லை. தனிக் கட்டடங்களைப் பிற்காலத்தவையாயினும் பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவிக்கச் சட்டத்தில் வழியுண்டே என்று மறுக்கலாம். வழி உண்டு, அவ்வழியில் எளிதாக நுழைபவை தேவாலயமும் பங்களாவும் பாலமும்தான். எரிந்த குடிசைக்கும் வேடர் தங்கிய கற்குடைவுக்கும் நிமிர்ந்து நிற்கும் சுவர் கிடையாது.

வலுவான மறுப்பு மண்ணைப் பற்றியது: தோட்டக் காணியில் மண்படைகள் கலைந்துவிட்டன, அங்கே தோண்டிப் பயனில்லை என்பார்கள். கலைத்தது யார், எப்படி என்பதைத்தானே இந்த ஆய்வு கேட்கிறது? சரிவைச் சுற்றி வெட்டிய கான், கல்லடுக்கு, கோப்பிக் காலத்து மேடையின் மேல் தேயிலைக் குழி ஆகியவை வரிசை தவறாத படைகளே. அமெரிக்கத் தொல்லியலாளர் ஸ்டீபன் சிலிமன் 2005இல் இதற்கு நெருங்கிய கருத்தை வேறு நிலத்தை முன்வைத்து வாதித்தார்: ‘சந்திப்பு’ என்ற மென்சொல், தலைமுறைகளாக நீண்ட ஆதிக்கத்தையும் கட்டாய உழைப்பையும் மறைத்துவிடுகிறது. அந்த உழைப்பைத் தேடினால் ஊவாவில் தோட்டத் தொழிலாளரான மலையகத் தமிழரின் வரிசை வீடுகளுக்கு, லயங்களுக்கு, வந்துசேர்கிறோம். மலையகத் தமிழர் ஆதிக்குடிகள் அல்லர், அவர்களை இங்கே சேர்ப்பது பொருந்தாது என்பது மற்றொரு மறுப்பு. அவர்கள் வேடரின் இடத்தைக் கோரவில்லை. வேடரின் காட்டை வெட்டிய கத்தி கங்காணியின் கீழ் நின்ற தமிழ்க் கூலியின் கையில் திணிக்கப்பட்டது; காட்டை இழந்தவருக்கும் வெட்டியவருக்கும் அந்த நிலத்தில் உறுதி எழுதப்படவில்லை. பத்துக்குப் பன்னிரண்டடிக் காம்பராவின் (லய அறையின்) அடுப்புச் சாம்பல், தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் தேய்ந்த கல், வேலைக்குப் பெயர் கொடுக்கும் பிரட்டுக்களத்தின் இறுகிய தரை ஆகியவற்றை விட்டுவிட்டு இந்த எதிர்ப்பாட்டை எழுத முடியாது.

மனித உடல்களும் சேகரிக்கப்பட்டன. விடுதலைப் போரின் தலைவர்களில் ஒருவரான, 1818 நவம்பர் 26இல் தலை வெட்டப்பட்ட கெப்பெட்டிபொலவின் மண்டையோட்டை மருத்துவர் ஹென்றி மார்ஷல் எடின்பரோவுக்கு அனுப்பினார். அது 1954இல் திரும்பியது. நிலத்திலிருந்து பெயர்த்தலும் அந்நிய ஆட்சியோடு முடியவில்லை: 1983இல் மாதுறு ஓயா தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்டபோது தம்பானைப் பகுதி வேடரில் பலர் ஹெனானிகலைக்குப் பெயர்க்கப்பட்டனர். சேகரிக்கப்பட்ட உடல்களைப் பொறுத்தவரை, 2019இல் எடின்பரோ பல்கலைக்கழகம் ஒன்பது வேடர் மண்டையோடுகளை அவர்களின் தலைவர் ஊருவரிகே வன்னில எத்தோவிடம் ஒப்படைத்தது.