ஜுருக் கழிமுகமும் மலாக்கா நீரிணையும்

கடல் ஒன்று; அதன் கரைகளோ பல. ஒரு நாட்டின் ஆற்றில் கலந்த நஞ்சு, எல்லைக்கோட்டைக் கண்டு நின்றுவிடுவதில்லை. ஆதலின் பல நாடுகளுக்குப் பொதுவாகிய கடலைக் காக்க, அந்நாடுகள் கூடி விதி செய்தல் இன்றியமையாததாயிற்று. பால்டிக் கடலுக்கென 1974ஆம் ஆண்டில் ஹெல்சிங்கியிலும், மத்தியதரைக் கடலுக்கென 1976ஆம் ஆண்டில் பார்சிலோனாவிலும் உடன்படிக்கைகள் எழுந்தன. ஹெல்சிங்கி உடன்படிக்கை, கப்பல்கள் கொட்டும் எண்ணெயோடு நிலத்திலிருந்து வழியும் கழிவினையும் கருத்திற் கொண்டது.

மலாக்கா நீரிணையிலோ வரலாறு வேறு வகையாகச் சென்றது. மலேசியா, இந்தோனேசியா, சிங்கப்பூர் ஆகிய மூன்று நாடுகளும் 1971 நவம்பரில் கூட்டறிக்கை வெளியிட்டு, நீரிணையில் கப்பற் போக்குவரத்தின் பாதுகாப்பு தம் பொறுப்பே என்றன. 1975 சனவரியில் ‘ஷோவா மாரு’ என்னும் சப்பானிய எண்ணெய்க் கப்பல் சிங்கப்பூர் அருகே தரைதட்டி எண்ணெயைச் சிந்தியது. அதன்பின் 1977இல் அம்மூன்று நாடுகளும் புதிய உடன்பாடு கண்டன. கப்பலின் அடிப்பகுதிக்கும் கடற்றரைக்கும் இடையே குறைந்தது 3.5 மீட்டர் நீராழம் வேண்டும்; எதிரெதிர்த் திசைகளிற் செல்லும் கப்பல்கள் தனித்தனி வழிகளிற் செல்லவேண்டும். இவ்விதிகள் 1981இல் நடைமுறைக்கு வந்தன. இவை யாவும் நன்றே. ஆயினும் இவற்றின் பார்வை கப்பலின் மீதே நிலைத்தது. கரையின் மீது படியவில்லை.

கரையில் நிகழ்ந்தது யாது? பினாங்கு மாநிலத்தின் பெருநிலப் பகுதியில், ஜுரு ஆறு நீரிணையிற் கலக்குமிடத்தில் அமைந்தது கோலா ஜுரு. மலாய் மொழியில் ‘கோலா’ என்பது கழிமுகம். அவ்வூர் மலாய் மீனவர்கள் மீனையும், ‘கெராங்’ எனப்படும் சிப்பியையும் நம்பி வாழ்ந்தனர். பிறைத் தொழிற்பேட்டை வளர, ஆலைக் கழிவுகள் ஆற்றிற் கலந்தன. 1970ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் மீனும் சிப்பியும் அருகின. வலை வெறுமையாய்த் திரும்பினால் அடுப்பு எரிவது எங்ஙனம்?

மீனவர்கள் வாளாவிருக்கவில்லை. கூட்டுறவு முறையில் சிப்பி வளர்த்துப் பிழைக்க முயன்றனர். தம் குறையையும் எடுத்துரைத்தனர். பினாங்கு பயனீட்டாளர் சங்கம் அவர்கள் வழக்கைத் தன் வழக்காக ஏற்றது. அச்சங்கத்திற்கு நெடுங்காலம் தலைமை தாங்கியவர், 2019இல் மறைந்த எஸ். எம். முகமது இத்ரிஸ் ஆவார். கோலா ஜுருவின் உயிர்ப்போராட்டத்தைச் சங்கம் 1976இல் நூலாக வெளியிட்டு நாடறியச் செய்தது.

நாட்டில் சட்டம் இல்லாமலில்லை. சுற்றுச்சூழல் தரச் சட்டம் 1974இல் இயற்றப்பட்டது. அதன்கீழ் 1979இல் வந்த கழிவுநீர் விதிகள் இருவகை அளவுகளை வகுத்தன. குடிநீர் எடுக்கும் இடத்திற்கு மேலே ஆற்றில் விடப்படும் கழிவுக்கு ‘ஏ’ அளவு. பிற உள்நாட்டு நீர்நிலைகளுக்கு ‘பி’ அளவு. கழிவு சிதையும்போது நீரின் உயிர்வளியை எவ்வளவு உண்ணும் என்பதற்கு லிட்டருக்கு 20 மில்லிகிராம் என முன்னதும், 50 என்று பின்னதும் வரம்பு கட்டின. குடிப்பவனைக் காக்க எழுந்த இப்பாகுபாடு நியாயமானதே. எனினும் கழிமுகம் எப்போதும் குடிநீர் எடுக்கும் இடத்திற்குக் கீழேயே உள்ளது. அங்கு வாழும் மீனுக்கும், அம்மீனை நம்பிய மனிதனுக்கும் தளர்ந்த வேலியே வாய்த்தது. சட்டத்தின் கண்ணில் ஆறு கடலை நெருங்க நெருங்க அதன் மதிப்புக் குறைந்தது.

1981இல் ஐந்து நாடுகள் கூடிக் கிழக்காசியக் கடல்களுக்கெனச் செயல்திட்டம் வகுத்தன. பார்சிலோனாவைப் போன்று நாடுகளைக் கட்டுப்படுத்தும் உடன்படிக்கையாக அது வளரவில்லை. ஜுரு ஆறோ, பின்வந்த பல்லாண்டுகள் அரசின் அறிக்கைகளில் மாசுற்ற ஆறுகளின் வரிசையிலேயே இடம்பெற்று வந்தது.

நெய்தலைத் தனித் திணையாகக் கண்டது தமிழ். நீரும் மீனும் பரதவர் வாழ்வும் ஒன்றாக நிற்கும் நிலம் அது. அத்திணையைப் பயில்வோர் ஜுருவின் வரலாற்றையும் உடன்வைத்துப் பயிலுதல் தகும். பொதுக் கடலின் காவல், நாடுகளின் தலைநகரங்களில் கையெழுத்தாகலாம். அது மெய்யாகக் காக்கப்படுவதோ, சிப்பி விளையும் சேற்று நிலத்தில்தான்.