கத்தியா, மருந்தா?

சரித்திரம் என்றால் போர்களும் பட்டாபிஷேகங்களும் என்றே படித்துப் பழகிவிட்டோம். ஒரு மனிதரின் குடலில் நேர்ந்த அடைப்பும் சரித்திரமாவது உண்டு. அத்தகைய ஓர் இரவைப் பற்றியே இன்று உங்களிடம் பேச விரும்புகிறேன்.

1956-ஆம் ஆண்டு ஜூன் 8-ஆம் தேதி. அமெரிக்க ஜனாதிபதி ஐசனோவர் கடும் வயிற்றுவலியால் துன்புற்றார். வாஷிங்டனில் அன்று இருந்த வால்டர் ரீட் இராணுவ மருத்துவமனைக்கு அவரைக் கொண்டு சென்றனர். சிறுகுடலின் கடைப்பகுதி அழற்சியால் தடித்து, உணவு செல்லும் வழி அடைபட்டிருந்தது. அதற்குக் காரணம் கிரோன் நோய்.

இந்நோயை 1913-இலேயே கிளாஸ்கோ நகரத்து அறுவை நிபுணர் டால்சீல் விவரித்திருந்தார். ஆயினும், 1932-இல் நியூயார்க்கின் மவுண்ட் சினாய் மருத்துவமனையைச் சேர்ந்த கிரோன், கின்ஸ்பர்க், ஆப்பன்ஹைமர் ஆகிய மூவரும் 14 நோயாளிகளை ஆராய்ந்து எழுதிய கட்டுரையே இதைத் தனி நோயாக உலகறியச் செய்தது. ஆங்கில அகரவரிசையில் முதலில் நின்றமையால் கிரோனின் பெயரே நோய்க்கு நிலைத்தது. கெட்ட பகுதியை அறுத்தெடுத்தால் நோய் தீரும் என்று அன்று நம்பினர். நாளடைவில் அந்நம்பிக்கை தளர்ந்தது. வெட்டி இணைத்த இடத்தருகிலேயே நோய் பலருக்கு மீண்டும் தலைகாட்டியது.

இப்போது அந்த இரவுக்குத் திரும்புவோம். நோயாளிக்கு வயது 65. மாரடைப்பு வந்து ஒன்பது மாதங்கூட நிறையவில்லை. அறுத்தால் இதயம் தாங்குமா? அறுக்காவிட்டால் அடைபட்ட குடல் அழுகிவிடாதா? மருத்துவர்கள் அவசரப்படவில்லை, அடைப்பு தானே விலகுமா என்று பல மணி நேரம் பார்த்திருந்தனர். இந்நிகழ்ச்சியைப் படிக்குந்தோறும் அந்தக் காத்திருப்பே என் நெஞ்சில் நிற்கிறது. அடைப்பு விலகவில்லை. 9-ஆம் தேதி விடியுமுன் ஹீட்டன் தலைமையில் அறுவைச் சிகிச்சை தொடங்கியது. நோயுற்ற பகுதியை அவர்கள் வெட்டியெடுக்கவில்லை. அதற்கு மேலுள்ள நல்ல குடலைப் பெருங்குடலோடு இணைத்து மாற்றுவழி அமைத்தனர். ஜனாதிபதி தேறினார், அவ்வாண்டு நவம்பரில் மீண்டும் தேர்தலில் வென்றார், 1969 வரை வாழ்ந்தார்.

அம்முறையும் நிலைக்கவில்லை. விட்டுவைத்த நோய்ப்பகுதி பின்னர்த் தொல்லை தந்ததால், தேவையான அளவு மட்டும் அறுத்தெடுக்கும் வழக்கம் ஓங்கியது. மறுபுறம் மருந்துகளும் வளர்ந்தன. ஸ்டீராய்டுகள் அழற்சியைத் தணித்தன. ஆனால் நெடுநாள் உண்டால் எலும்பு தேய்ந்தது. 1998-இல் இன்ஃப்ளிக்சிமாப் என்னும் மருந்துக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தபின், கத்தி கடைசிப் புகலிடம் என்ற எண்ணம் வலுத்தது. 2017-இல் வெளியான ஓர் ஆய்வு அவ்வெண்ணத்தை அசைத்தது. சிறுகுடலின் கடைப்பகுதியில் மட்டும் நோய் கண்ட 143 பேரில் ஒரு சாராருக்கு அறுவையும் மறுசாராருக்கு அம்மருந்தும் அளித்தனர். ஓராண்டுக்குப் பின் இரு சாராரின் வாழ்க்கை நலமும் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது.

மாணவ நண்பர்களே! இவ்வரலாற்றில் கத்தியும் வெல்லவில்லை, மருந்தும் வெல்லவில்லை. இரண்டாலும் நோயை வேரறுக்க இன்றும் இயலவில்லை. அடைப்பும் துளையும் நேர்ந்தால் கத்தி உயிர் காக்கும். அழற்சி குடலில் நெடுகப் பரவியிருந்தால் மருந்தே துணை, ஏனெனில் வெட்டிய குடல் மீண்டும் வளராது. காத்திருக்கவும் துணிந்து செயற்படவும் வேளை அறிந்தவரே நல்ல மருத்துவர். அந்த ஜூன் இரவு நமக்குக் கற்பிக்கும் பாடம் இதுவே.