கரவனுக்கு முன்னால் போன கரத்தை

போன மாதம் எங்கட செட்டில் ஒருத்தன் ஒரு வீடியோ அனுப்பினான். கார் ஒன்றின் பின்னால் கொளுவிய சின்னக் கரவன். உள்ளே ரெண்டு பேர் படுக்க மெத்தை, காஸ் அடுப்பு, கை கழுவ ஒரு பேசின். வாடகைக்கு எடுத்து வந்து கடற்கரையோரம் நிறுத்திவிட்டுச் சொகுசாக இருக்கிறார்கள். "இப்பிடி ஒன்றை எடுத்து உகந்தைக்குப் போவமா?" என்று தொடங்கிய கதை ராவு பன்னிரண்டு மணிவரைக்கும் ஓடியது. அடுத்த நாள் காலையில், ஆலையடிவேம்பில் எங்கட குசினிக்குள் நின்று அம்மம்மாவிடம், "கேம்பிங் போகப்போறம்" என்றேன். தேங்காய் துருவிக்கொண்டிருந்த கை நின்றது. "கேம்புக்கா? என்னத்துக்கு மனே?"

நான் சிரித்துவிட்டேன். அவ சிரிக்கவில்லை. பிறகுதான் கொஞ்சம் தேடிப் படிக்கத் தொடங்கினேன்.

கரவன் என்கிற இந்தப் பொழுதுபோக்கின் கதையை எழுதுகிறவர்கள் வழமையாக 1885இல் இருந்து தொடங்குவார்கள். கோர்டன் ஸ்டேபிள்ஸ் என்று ஒருவர். பிரித்தானியக் கடற்படையில் வைத்தியராக இருந்து ஓய்வு பெற்று, சிறுவர்களுக்குச் சாகசக் கதைகள் எழுதியவர். நாடோடிகளாக வாழ்ந்த ரோமா மக்களின் வண்டி வீடுகளைப் பார்த்து ஆசைப்பட்டு, பிரிஸ்டலில் ஒரு வண்டிக் கம்பனியிடம் தனக்கும் ஒன்று செய்வித்தார். பெயர் 'வாண்டரர்'. கிட்டத்தட்ட ரெண்டு தொன் பாரம். இங்கிலாந்தின் தெற்கிலிருந்து ஸ்கொட்லாந்தின் இன்வர்னஸ் வரைக்கும் அதிலே போய், 1886இல் புத்தகமும் போட்டார். 1907இல் அந்த நாட்டில் கரவன்காரர்களுக்கென்று ஒரு கழகமே வந்துவிட்டது. ரோமா மக்கள் இப்படித் தெருவோரம் வண்டியை நிறுத்தினால் ஊரார் துரத்துவார்கள். கனவான்கள் நிறுத்தினால் அது 'சுற்றுலா'.

ஸ்டேபிள்ஸ் தனியாகப் போகவில்லை என்பதையும் சொல்லவேண்டும். ரெண்டு குதிரை, குதிரைகளைப் பார்க்க ஒரு வண்டிக்காரர், முன்னால் மூன்று சில்லுச் சைக்கிளில் போய் வழி பார்த்து வர ஒரு வேலையாள். சொகுசை யார் சுமந்தது என்று பார்த்தால், எல்லா இடத்திலும் ஒரு ஆள் நிற்கிறார்.

எங்கட பக்கமும் அப்படித்தான். சாமுவேல் பேக்கர் 1840களின் கடைசியிலும் 1850களின் தொடக்கத்திலும் இலங்கைக் காடுகளில் யானை வேட்டையாடித் திரிந்தவர். மட்டக்களப்புக்கு மேற்கேயுள்ள காடும் புல்வெளியும் அவருடைய புத்தகங்களில் வருகின்றன. கூடாரம், கட்டில், சமையல்காரர் என்று அவருக்குக் குறையில்லை. அவ்வளவையும் தோளில் தூக்கி நடந்த கூலியாட்களின் பெயர்களை நினைவில் வைக்கத்தான் ஆளில்லை.

1908 தொடக்கம் 1911 வரை அம்பாந்தோட்டையில் உதவி அரசாங்க அதிபராக இருந்த லெனார்ட் வூல்ஃப் எனக்குக் கொஞ்சம் வித்தியாசமாகத் தெரிகிறார். கதிர்காமத் திருவிழாவில் கூடும் அடியார்களை மேற்பார்வை செய்வதும் அவருடைய வேலை. வாந்திபேதி பரவும் என்ற பயத்தில் வெள்ளைக்கார அரசு அந்த யாத்திரைக்குக் கட்டுப்பாடு போட்டிருந்த காலம் அது. அவருடைய காலத்திலேயே மாட்டுக்கொள்ளை நோயும் வந்தது. மாடு விழுந்தால் வண்டி நிற்கும், வண்டி நின்றால் உப்புக்கூட அசையாது. மாட்டு வண்டி இல்லாமல் அந்த வறண்ட காட்டுப் பக்கம் ஒரு நிர்வாகமும் நடந்திருக்காது.

அதிகாரிகள் தங்க அரசு கட்டிய இடங்களுக்கு எங்கட தமிழில் 'வாடிவீடு' என்று பெயர். வயலுக்குள் காவல் இருக்கப் போடுகிற குடிலும் வாடிதான், கடற்கரையில் மீன்காரர் போடுவதும் வாடிதான். துரைமாருக்கு மட்டும் அதோடு ஒரு வீடு ஒட்டிக்கொண்டது.

இனி கரத்தைக்கு வருவோம். அம்மம்மா சின்னப் பிள்ளையாக இருந்தபோது அவவின் அப்பா ஒரு கூடாரக் கரத்தையை வாடகைக்குப் பிடித்து, குடும்பத்தோடு உகந்தைக்குப் போவாராம். திருக்கோவில், கோமாரி, பொத்துவில், பாணமை என்று நின்று நின்று போகிற பயணம். கூடாரத்துக்குக் கிடுகு, கீழே வைக்கோல், அதற்குமேல் பாய். பொம்பிளைகளும் பிள்ளைகளும் கரத்தைக்குள், ஆம்பிளைகள் கரத்தைக்குக் கீழே சாக்கு விரித்துப் படுப்பார்களாம். "மாட்டை அவிழ்த்தா நுகம் நிலத்தில விழுந்திரும். மறுகா எப்பிடிப் படுக்கிற? தலை கீழே, கால் மேலே!" அதனால் முதல் வேலை, முன்பக்கத்துக்கு முட்டுக்கொடுத்துத் தட்டை மட்டமாக்குவது. ரெண்டாவது வேலை, சில்லுக்குக் கட்டை வைப்பது. அதற்குப் பிறகுதான் அடுப்பு.

இதைக் கேட்டுவிட்டு அந்த வீடியோவைத் திரும்பப் பார்த்தேன். காரிலிருந்து கழற்றியதும் அவர்கள் செய்வதும் அதேதான்: சில்லுக்குக் கட்டை, முன்னுக்கு ஒரு சின்னச் சில்லை இறக்கி மட்டம் பார்த்தல், நாலு மூலைக்கும் கால். பாரம் ஏற்றுவதும் அப்படியே. கரத்தையில் பின்பாரம் கூடினால் நுகம் மேலே எழும்பி மாட்டின் கழுத்தை இறுக்கும், முன்பாரம் கூடினால் கழுத்தை அழுத்தும். ஒற்றை அச்சுக் கரவனில் பின்பாரம் கூடினால் ஓட்டத்தில் வால் ஆட்டத் தொடங்கும், காரையே பிரட்டக்கூடும். அதனால் தண்ணீர்க் கலன், பற்றரி மாதிரியான பாரங்களை அச்சுக்குக் கிட்ட வைக்கிறார்கள். அம்மம்மாவின் அப்பாவுக்கு இதை ஒருத்தரும் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை.

கரத்தைக்குப் பிறகு உழவு மெசின் வந்தது, மெசின் பெட்டி வந்தது. பெட்டிக்கு மேலே தறப்பாள் கட்டினால் பாதி ஊர் உகந்தைக்குப் போய்ச் சேரும். ஆனால் எல்லாருக்கும் வண்டி கிடைத்ததில்லை. யாழ்ப்பாணம் செல்வச்சந்நிதியிலிருந்து கால்நடையாக வருகிறவர்கள் எங்கட ஊர்களைத் தாண்டி உகந்தை போய், கூமுனை, நாவலடி, வியாழை, கட்டகாமம் என்று காட்டுக்குள்ளால் கதிர்காமம் போவார்கள். தலையில் பொட்டலம், கையில் தண்ணீர்ப் போத்தல், மரத்தடியில் படுக்கை. வருசா வருசம் நடக்கிற ஆகப் பெரிய 'கேம்பிங்' அதுதான். அதை அப்படி ஒருத்தரும் சொல்வதில்லை.

இடையில் அந்தப் பாதை அறுந்தது. யால கிழக்குப் பூங்கா 1985இல் மூடப்பட்டது, திறந்தது 2003இல். 2006இல் அதற்குக் குமண தேசியப் பூங்கா என்று பெயர் மாற்றினார்கள். இந்த இடைவெளிக்குள்தான் அம்மம்மாவின் 'கேம்ப்' இருக்கிறது. ஒன்று, ஆம்பிளைகளைக் கூட்டிக்கொண்டு போகிற கேம்ப். மற்றது, 1990இல் வீட்டைப் பூட்டக்கூட நேரமில்லாமல் ஓடிப்போய் இருந்த அகதி கேம்ப். அந்த வருசம் இந்தக் கரையில் தமிழரும் முஸ்லிம்களும் ஆளுக்கொரு பக்கமாக இடம்பெயர்ந்தார்கள். ரெண்டு பக்கக் கிழவிகளுக்கும் அந்தச் சொல் ஒரே மாதிரித்தான் கேட்கும். 2004 டிசம்பர் 26க்குப் பிறகு கூடாரங்கள் திரும்ப வந்தன. பகலில் உள்ளே இருக்க ஏலாது, அவ்வளவு வெக்கை. மழை பெய்தால் பாய் நனையும். எனக்கு அப்போது ரெண்டு வயது. அந்தக் கூடாரத்தில் எனக்கு வேர்க்குரு போட்டதை அம்மா இப்பவும் சொல்லுவா.

ஆகவே, வெளிநாட்டுக்காரர் அறுகம்பையில் வாடகை ஓட்டோவின் கூரையில் கூடாரம் விரிப்பதையும், கேரளா 2021இல் கரவன் சுற்றுலாவுக்கென்று தனிக் கொள்கையே அறிவித்ததையும் நான் இப்போது வேறு மாதிரித்தான் படிக்கிறேன். ஆசை இல்லாமல் போகவில்லை. கூடாரத்துக்குள் ஒரு ராவு விரும்பிப் படுத்துவிட்டு, அடுத்த நாள் வீட்டுக்கு வரலாம் என்பது எங்கட வீட்டில் எனக்குத்தான் முதன்முதலாகக் கிடைத்திருக்கிறது.

கரவன் சரிவரவில்லை. கொழும்பிலிருந்து இங்கே இழுத்து வருகிற செலவைக் கேட்டதும் செட்டில் எல்லாரும் அமைதியாகிவிட்டார்கள். கடைசியில் மாமாவின் மெசின் பெட்டிதான். வனசீவராசிகள் திணைக்களத்தின் அனுமதி இல்லாமல் பூங்காவுக்குள் தங்க ஏலாது என்பதால், கோயில் பக்கத்தோடு நின்றுகொள்ளலாம் என்று முடிவு. பழைய தறப்பாள், ரெண்டு மெத்தை, மண்ணெண்ணெய் அடுப்பு, நாற்பது லீற்றர் தண்ணீர். தண்ணீர்க் கேனை அச்சுக்கு நேரே வைத்துக் கட்டினேன். வெளிக்கிடும்போது அம்மம்மா படலைவரைக்கும் வந்தா. கையில் ரெண்டு மரக்கட்டை.

"சில்லுக்கு வை. ஒண்டு காணாது."